பெயின்ட் கொம்பனிகளும் பட்டியலில் விழுந்த மனிதர்களும்

எங்கட சனத்துக்கு லோயர் என்றால் மூன்றே வகைதான். ஒருவர் அசைலம் லோயர். இரண்டாமவர் வீடு வாங்கும்போது பேப்பர் பார்க்கிறவர். மூன்றாமவர் கார் அடிபட்டால் காசு எடுத்துத் தருகிறவர். நான்காவதாக விவாகரத்து லோயரும் இருக்கிறார். ஆனால் அவரைப் பற்றி நாங்கள் சபையில் கதைப்பதில்லை.

அதனால் அக்காவின் மகள் சட்டம் படித்து முடித்து, லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு வருஷப் பயிற்சிக்குச் சேர்ந்து, "நான் போட்டிச் சட்டமும் வர்த்தகத் தடைச் சட்டமும்தான் செய்யப் போறன்" என்று சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அத்தான் என்னைக் கேட்டார். "தம்பி, நீ கம்பசிலை பொருளியல் படிச்சனியெல்லே. உவள் என்னவோ போட்டி எண்டுறாள், தடை எண்டுறாள். உதாலை எங்களுக்குப் பிறகு பிரச்சினை ஒண்டும் வராதோ?"

நான் பொருளியலைப் பாதியில் விட்டவன். 2004இல் யாழ் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நிறைபோட்டி, தனியுரிமை, சிலருரிமை என்று வளைகோடுகள் கீறினோம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. அடுத்த வருஷம் வெளிக்கிட்டு இங்கே வந்து கோப்பை கழுவினேன், அடுப்படியில் நின்றேன், இப்போது சான்சரி லேன் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோரண்டில் மேசை பார்க்கிறேன். சட்டத்தரணிகள் சங்கத்தின் கட்டடம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. மத்தியானம் வந்து சாப்பிடுகிறவர்களில் அரைவாசிப் பேர் சட்டக்காரர். அவர்களுக்குக் கறி பரிமாறியதால் எனக்குச் சட்டம் வந்துவிடவில்லை. ஆனால் மருமகள் சொன்னதையும், அவள் வாசிக்கச் சொல்லித் தந்த தீர்ப்புகளையும் வைத்து எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு இதே கதையோடு வரலாம்.

முதலில் போட்டிச் சட்டம். ஒரு ஊரில் நாலு கடைக்காரர் பின்னேரம் ரீ குடித்தபடி, "வாற மாசத்திலையிருந்து ஒருத்தரும் அரிசி மூட்டையை இந்த விலைக்குக் கீழை விக்கிறேல்லை" என்று கதைத்து முடித்தால் அதுதான் கார்ட்டெல். கையெழுத்து வேண்டாம், பத்திரம் வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். அடுத்த நாள் சாமான் வாங்க வருகிற சனத்துக்கு, தெருவில் நாலு கடை இருந்தாலும் உண்மையில் ஒரு கடைதான்.

பெரிய ஆட்களும் இதையேதான் செய்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய லொறிக் கொம்பனிகள் 1997 முதல் 2011 வரை பதினாலு வருஷம் விலையை ஒன்றாகக் கதைத்து வைத்திருந்தன. 2016 யூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு வொல்வோ, டைம்லர், இவேக்கோ, டாவ் ஆகியவற்றுக்கு மொத்தம் 2.93 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. கூட்டத்தில் இருந்த இன்னொரு கொம்பனி மான். அது முதலில் ஓடிப்போய் உண்மையைச் சொன்னதால் ஒரு சதமும் கட்டவில்லை. கூட்டுக்களவில் முதலில் காட்டிக்கொடுப்பவனுக்கு முழு மன்னிப்பு. இது சட்டத்திலேயே இருக்கிற ஏற்பாடு. ஒரு கொம்பனி இந்த முடிவை எடுக்கிற இரவில், "ஓடு" என்றோ "பொறு" என்றோ சொல்லப்போவது அதன் சட்டத்தரணிதான். தண்டம் உலகம் முழுவதிலுமான வருட விற்பனையில் 10 வீதம் வரை போகலாம் என்பதால் அந்த ஒரு சொல்லின் விலை பெரிது.

எங்கள் தொழிலுக்கும் இது தூரம் இல்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கார்ட்டைத் தட்டும்போது, ஒவ்வொரு தட்டுக்கும் கடைக்காரரிடமிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டுப்படுகிறது. அந்தத் துண்டைப் பற்றி மாஸ்டர்கார்ட்டோடு ஐரோப்பிய ஆணைக்குழு பட்ட பாடு பெரிய கதை. 2007இல் ஆணைக்குழு முடிவெடுத்தது, 2014இல் லக்சம்பேர்க் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2015இல் வந்த சட்டம் வங்கிகளுக்குள் கைமாறும் கட்டணத்தை டெபிட் கார்ட்டுக்கு 0.2 வீதம், கிரெடிட் கார்ட்டுக்கு 0.3 வீதம் என்று கட்டிப்போட்டது. சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு மாத முடிவில் அது ஒரு தொகை.

2025 யூனில் வந்த முடிவு எனக்கு இன்னும் பிடித்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி ஹீரோ, குளோவோ என்ற இரண்டு கொம்பனிகளுக்கு 329 மில்லியன் யூரோ தண்டம். நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டதோடு, "உன்ரை வேலையாளை நான் எடுக்கேல்லை, என்ரை வேலையாளை நீ எடுக்காதை" என்றும் பேசி வைத்திருந்தார்கள். வேலையாட்களின் சந்தையைப் பூட்டியதற்காக ஐரோப்பிய ஆணைக்குழு தண்டித்தது அதுவே முதல் தடவை. இதை வாசித்தபோது கம்பஸில் கீறிய வளைகோடுகளுக்குள் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தது இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது.

இதில் சட்டத்தரணியின் வேலை என்ன? படத்தில் வருவது போலக் கோட்டில் நின்று கத்துவது குறைவு. விடியக்காலையில் அதிகாரிகள் ஒரு கொம்பனிக்குள் சோதனைக்குப் போனால், அங்கே ஓடிப்போய் அவர்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று நிற்பது. பிறகு ஆணைக்குழு அனுப்புகிற நீண்ட குற்றச்சாட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது. அதற்காக ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசிப்பது. வழக்குகளுக்கு ஆயுள் அதிகம். இன்டெல்லுக்கு 2009இல் விதித்த 1.06 பில்லியன் யூரோ தண்டத்தின் கதை 2024 ஒக்டோபரில்தான் முடிந்தது. தண்டம் ரத்து. அந்த வழக்கில் கோப்புத் தூக்கத் தொடங்கிய இளம் சட்டத்தரணி ஒருவருக்கு முடிவு வந்தபோது தலை நரைத்திருக்கும். இந்தத் துறைக்குப் போகிறவர்கள் ஆங்கிலத்தோடு நிற்க முடியாது. லக்சம்பேர்க் நீதிபதிகள் தங்களுக்குள் கலந்து பேசுவது பிரெஞ்சு மொழியில். பலர் பெல்ஜியத்தின் புருஜ் நகரில் உள்ள ஐரோப்பியக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு வருகிறார்கள். சிலர் நீதிபதிகளுக்கு உதவியாளராக இருந்து பழகிவிட்டு வெளியே வந்து வழக்குப் பேசுகிறார்கள்.

இதெல்லாம் சரி. போட்டிச் சட்டம் செய்கிற ஆளே ஏன் தடைச் சட்டமும் செய்கிறார்? ஒன்று விலையைப் பற்றியது, மற்றது யுத்தத்தையும் அரசியலையும் பற்றியது. நான் மருமகளிடம் இதைத்தான் கேட்டேன்.

"ரண்டும் ஒரே வேலைதான் மாமா" என்றாள். "தூரத்திலை இருக்கிற ஒரு ஒபிஸ் உங்களைப் பற்றி ஒரு முடிவு எடுக்குது. ஏன் எடுத்தது, எதை வைச்சு எடுத்தது, உங்களைக் கேட்டதோ எண்டு கோட்டிலை கேக்கிறதுதான் என்ரை வேலை." பிறகு அவள் சொன்ன பெயின்ட் கதைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட் செய்யும் நடுத்தரக் கொம்பனிகள் சில, பல நாடுகளில் இருந்து ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஒரே பெயின்ட் கிடைக்க வேண்டும் என்பது அவர்களின் யோசனை. இப்படிக் கூட்டுச் சேர்வதற்கு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. 1973இல் அனுமதியைப் புதுப்பித்தபோது ஆணைக்குழு புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. அதைப் பற்றிச் சங்கத்திடம் முன்கூட்டி ஒழுங்காகக் கேட்கவில்லை. சங்கம் வழக்குப் போட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்தவர் ஜோன் பியர் வோர்னர் என்ற பிரித்தானியர். பிரித்தானியா அப்போதுதான் ஐரோப்பியக் கூட்டுக்குள் வந்திருந்தது. பாதிக்கப்படப் போகிறவனின் பக்கத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இங்கிலாந்தின் பழைய நீதிக் கொள்கையை அவர் எடுத்துக் காட்டினார். 1974 ஒக்டோபரில் நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்துச் செய்தது. ஒரு பொது அதிகாரத்தின் முடிவால் நலன் பாதிக்கப்படும் எவருக்கும் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது. பெயின்ட்டுக்காகப் போட்ட வழக்கில் இருந்து வந்த விதி அது.

1979இல் விற்றமின் விற்கும் ஹொவ்மன் லா ரொஷ் வழக்கில் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. உனக்குக் காட்டாத ஆவணத்தை வைத்து உன்னைத் தண்டிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. இந்த உரிமைகளை எல்லாம் பெற்றுத் தந்தது மனித உரிமைப் போராளிகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு பங்கு அவர்களுடையதுதான். இன்னொரு பங்கு, தண்டம் கட்ட விருப்பமில்லாத பணக்காரக் கொம்பனிகளும் அவர்கள் காசு கொடுத்து வைத்த சட்டத்தரணிகளும் பெற்றுத் தந்தது.

அதே விற்றமின் கதையில் ஒரு தனி மனிதனும் இருக்கிறான். ஸ்ரான்லி அடம்ஸ் ரொஷ் கொம்பனியில் வேலை செய்தவர். 1973இல் கொம்பனியின் திருகுதாளங்களை ஆணைக்குழுவுக்கு எழுதி அறிவித்தவர் அவர்தான். ஆணைக்குழு கொடுத்த ஆவணப் பிரதிகளை வைத்து ஆள் யார் என்று கொம்பனி கண்டுபிடித்துவிட்டது. 1974 கடைசி நாளில் சுவிஸ் எல்லையில் பிடிபட்டார். அவர் தடுப்பில் இருக்கும்போதே அவருடைய மனைவி உயிரை மாய்த்துக்கொண்டார். 1985இல்தான் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதுவும் அரைவாசிதான். கொம்பனிக்கு 1979இல் நீதி கிடைத்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுத்தவருக்கு மேலும் ஆறு வருஷம் எடுத்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி நல்லதை எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

இனித் தடைக்கு வருவோம். பொருளாதாரத் தடை என்ற சொல்லை எங்களில் என் வயதுக்காரருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 யூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குள் எது வரக்கூடாது என்று கொழும்பில் ஒரு பட்டியல் இருந்தது. எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றறி. நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். அது ஒரு அரசாங்கம் தன்னுடைய சனத்துக்கே போட்ட தடை. மருமகள் பார்க்கப் போவது நாடுகளுக்கும் கொம்பனிகளுக்கும் ஆட்களுக்கும் போடுகிற தடை. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அவள் "இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்" என்று ஒரு சொல் சொன்னாள். வீட்டுக்கும் பாவிக்கலாம், யுத்தத்துக்கும் பாவிக்கலாம் என்பதால் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைக்கிற பொருள். எனக்கு எங்கள் வீட்டு றேடியோவுக்குள் போட முடியாமல் போன பற்றறிதான் ஞாபகம் வந்தது.

பொருட்களின் பட்டியல் ஒரு வகை. ஆட்களின் பட்டியல் இன்னொரு வகை. யாசின் கடி என்ற சவூதி வர்த்தகரின் பெயரை 2001 ஒக்டோபரில் ஐ.நா.வின் ஒரு குழு பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவும் அப்படியே எடுத்துக்கொண்டது. அவருடைய சொத்தெல்லாம் முடங்கியது. எதற்காக என்று அவருக்குச் சொல்லவில்லை, பதில் சொல்ல இடமும் தரவில்லை. 2005இல் கீழ்நீதிமன்றத்தில் தோற்றார். 2008 செப்ரெம்பர் 3ஆம் திகதி மேல்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஐ.நா. பாதுகாப்புச் சபையே சொன்னாலும், ஐரோப்பாவுக்குள் அதைச் செயற்படுத்தும்போது ஒரு மனிதனின் அடிப்படை உரிமைகளை மதிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அவனைக் கேட்க வேண்டும் என்றது. ஆணைக்குழு ஒரு சின்னக் காரணச் சுருக்கத்தைக் கொடுத்து அவரைத் திரும்பப் பட்டியலில் போட்டது. அதுவும் 2010இல் ரத்தானது. 2012இல் ஐ.நா.வே பெயரை எடுத்தது. கடைசித் தீர்ப்பு 2013 யூலையில். ஒரு பெயருக்குப் பன்னிரண்டு வருஷம். இந்த வழக்குகள் நடந்த காலத்தில்தான், 2009 டிசம்பரில், அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் முறையிடுவதற்கு ஐ.நா. ஒரு குறைகேள் அதிகாரியை ஏற்படுத்தியது.

கடி பணக்காரர். அவரால் நல்ல சட்டத்தரணிகளை வைக்க முடிந்தது. பட்டியலில் உள்ளவர்களின் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கு இன்னொரு வழக்கு இருக்கிறது. லண்டனில் பட்டியலில் உள்ள ஆட்களின் மனைவிமாருக்கு அரசாங்க உதவிப்பணம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காசில் மனைவி மரக்கறி வாங்கிச் சமைத்தால், அதே சட்டியில் இருந்து புருஷனும் சாப்பிடுவான், ஆகவே அது அவனுக்குப் போகிற பணம் என்றது நிதி அமைச்சு. அதனால் நிபந்தனை வைத்தார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் 10 பவுண்ஸ்தான் கைக்காசாக எடுக்கலாம். மிச்சமெல்லாம் கார்ட்டில். மாதம் மாதம் என்ன வாங்கினோம் என்று ரசீதுகளோடு அமைச்சுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பெண்டுகள் வழக்குப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் லக்சம்பேர்க் நீதிமன்றம், தடைச் சட்டம் அந்த உதவிப்பணத்தைத் தொடாது என்று தீர்த்தது. ஒரு சட்டிச் சோறு எத்தனை பெரிய நீதிபதிகளின் மேசைக்குப் போயிருக்கிறது பாருங்கோ. சோறு போடுவதே தொழிலான எனக்கு இந்த வழக்கை மறக்க முடியவில்லை.

எங்களுக்கு நேரே தொடர்புள்ள வழக்கும் இதே வகைதான். விடுதலைப் புலிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006 மேயில் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2014 ஒக்டோபர் 16ஆம் திகதி அந்தப் பட்டியல் தொடர்பான சில முடிவுகளை நீதிமன்றம் ரத்துச் செய்தபோது எங்கள் சனம் ரெலிபோனில் "தடை எடுபட்டிட்டுது" என்று கொண்டாடியது. தீர்ப்பை வாசித்தால் கதை வேறு. இயக்கம் எப்படிப்பட்டது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. பட்டியலில் வைத்திருப்பதற்குத் தகுதியான அதிகாரிகளின் முடிவுகளை ஆதாரமாகக் காட்டாமல் பத்திரிகையிலும் இணையத்திலும் வந்ததைக் காட்டியிருக்கிறீர்கள், அது போதாது என்றது. தடையின் விளைவும் உடனே நீங்கவில்லை. 2017 யூலை 26இல் மேல்முறையீட்டிலும் ரத்து உறுதியானது. ஆனால் அதற்கிடையில் வந்த புதிய முடிவுகளில் பெயர் தொடர்ந்து இருந்தது. எந்தப் பக்கம் நின்று வாசித்தாலும் அந்த வழக்கு ஒன்றைக் காட்டுகிறது. நீதிமன்றம் கேட்டது "எதை வைச்சுச் சொல்கிறாய்?" என்ற கேள்வி. பெயின்ட் கொம்பனிகள் கேட்ட கேள்விக்கு அது சொந்தக்காரன்தான்.

இப்போது பலரும் கேட்கிற கேள்வி: உவள் ரஷ்யக் கோடீஸ்வரருக்குப் பேசப் போறாளோ? 2022 பெப்ரவரிக்குப் பிறகு இந்தத் துறையில் பெரிய வேலை ரஷ்யத் தடைகள்தான். பிரிகோஜினின் வயதான தாயாரைப் பட்டியலில் போட்டார்கள். மகன் என்ற உறவு மட்டும் காரணமாகாது என்று 2023 மார்ச்சில் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பிரித்தானியாவில் யூஜின் ஸ்விட்லர் என்ற செல்வந்தர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 யூலையில் தோற்றார். ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அரசாங்கத்தின் பக்கம், லோர்ட் லெகற் ஒருவர் மட்டும் மறுபக்கம். ரஷ்யாவில் உள்ள கொம்பனிகளுக்குச் சட்ட ஆலோசனை கொடுப்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஒக்டோபரில் தடை செய்தது. பிரசல்ஸ், பாரிஸ் சட்டத்தரணிகள் சங்கங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. ஆனால் கோட்டில் வழக்காடுவதற்கு உதவுவதை அந்தத் தடை தொடவில்லை. யுத்தத்துக்குள்ளும் அந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கோடீஸ்வரர்கள் மேல் இரக்கம் இல்லை. உக்ரைனில் குண்டு விழுகிற வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தடை போடுவது பிழை என்றும் நான் சொல்லவில்லை. சனத்தைக் கொல்கிறவனுக்கு ஆயுதமும் காசும் போகாமல் தடுக்கிறது நல்லதுதானே. என்றாலும் போடுகிறவன் காரணம் எழுத வேண்டும், விழுந்தவன் அதை வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். கோடீஸ்வரனுக்கு அந்த உரிமையை மறுத்தால் அடுத்த வரிசையில் நிற்கிறவனுக்கு அது இருக்காது.

அந்த அடுத்த வரிசையில் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். 2021இல் ஊரில் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்பணம் கட்ட வேண்டும். நான் 1,200 பவுண்ஸ் அனுப்பினேன். பணம் போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. அடையாளப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். அம்மாவின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள், மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்பாவின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது ஏன் என்று கேட்டார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் கவுண்டரில் இருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள், பெயர் ஏதோ ஒரு பட்டியலோடு ஒத்துப்போகிறது போல, கொம்பியூட்டர் பிடித்து வைத்திருக்கிறது என்று. எந்தப் பட்டியல், எந்தப் பெயர் என்று அவளுக்கும் தெரியாது. பத்தொன்பதாம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் தம்பி தன் மனைவியின் காப்பை அடகு வைத்து முன்பணம் கட்டியிருந்தான்.

வங்கிகள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன என்று இப்போது எனக்குத் தெரியும். சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறியதற்காக பிஎன்பி பரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014இல் அமெரிக்காவுக்குக் கிட்டத்தட்ட 9 பில்லியன் டொலர் கட்டியது. அதைப் பார்த்த எந்த வங்கியும், ஆயிரம் சின்ன ஆட்களைக் காக்க வைத்தாலும் பரவாயில்லை, ஒரு ஆளைத் தவறவிடக் கூடாது என்றுதான் நினைக்கும். கணக்குப்படி அது சரிதான். அந்தக் கணக்கில் என் அம்மாவின் இடுப்புக்கு எண் இல்லை.

கடியின் பெயரைப் பட்டியலில் போட்டதற்கு ஒரு கையெழுத்து இருந்தது. அதை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. என் பணத்தை நிறுத்தியதற்குக் கையெழுத்தே இல்லை. நான் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆகவே நீக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. முறைப்பாடு எழுதலாம்தான், வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கலாம். 1974இல் இருந்து இத்தனை வழக்குகளில் கட்டி வந்த உரிமையெல்லாம் முடிவு எடுப்பவனிடம் கேள்வி கேட்பதற்கானது. முடிவு எடுத்தது யார் என்றே தெரியாத இடத்தில் அது ஒரு அடி முன்னுக்கு நின்றுவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குத் தடைச் சட்டம் வந்து படுவது அந்த ஒரு அடியில்தான். சோமாலியருக்கும் ஈரானியருக்கும் ஆப்கானியருக்கும் அப்படித்தான். என்னோடு வேலை செய்கிற ஆப்கான் பையன் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிக் கதைக்கும்போது என் கதையைத்தான் வேறு பெயரில் சொல்கிறான்.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். தன் பயிற்சியில் ஒரு பகுதி ஒழுங்குமுறைப் பிரிவில் என்றாள். வங்கிகள் பெயர்களை எப்படிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு நாள் நிறுத்தி வைக்கலாம், எப்போது ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற விதிமுறைகளை வங்கிகளுக்கு எழுதிக் கொடுப்பதில் சட்டத்தரணிகளுக்கும் பங்கு இருக்கிறதாம். நான் கேட்டது ஒன்றுதான். "நீ எழுதேக்கை ஒரு வரி சேர் பிள்ளை. இத்தனை நாளுக்குள்ளை ஒரு ஆள் பாக்க வேணும், பாத்திட்டு என்ன காரணம் எண்டு சொல்ல வேணும். சொல்ல ஏலாத காரணமெண்டால், ஏலாது எண்டாவது சொல்ல வேணும்."

அவள் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் ஒத்துக்கொள்வாரா என்று யோசித்தாள். சந்தேகப்படுகிற ஆளை உஷாராக்கிவிடக் கூடாது என்று இன்னொரு சட்டம் இருக்கிறது, அதற்குள் நின்றுதான் எழுத வேண்டும் என்றாள். நாள் கணக்கு வைக்கிறது மட்டும் செய்யலாம் என்று நினைக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்தப் படிப்புக்குப் போகப் போகிறேன் என்றால் பயப்படாதேயுங்கோ. பணக்காரரின் வழக்குகள்தான் சம்பளம் தரும், அது உண்மை. அந்த வழக்குகளில் வெல்லப்படுகிற சில விதிகள் பிறகு எல்லாருக்கும் பொதுவாகிவிடுகின்றன, அதுவும் உண்மை. ஆனால் தானாக எங்கள் வாசலுக்கு வந்து சேராது. பத்தொன்பது நாளை ஐந்து நாளாக்குகிற ஒரு வரியை, அதை எழுதுகிற மேசையில் இருக்கிற ஒரு ஆள்தான் எழுத வேண்டும். எங்கட பிள்ளைகள் சிலராவது அந்த மேசையில் இருக்கட்டும்.